ஈரச் சாக்கு

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அதனால்
முக்கூடல் கல்யாண மண்டபம் பாதி வாடகைக்கு
புத்தகக் கண்காட்சிக்குக் கிடைத்தது.
மேடையில் ஆனி மாதத்துத் தெர்மாகோல் எழுத்துகள்:
இசக்கிராஜ், பக்கத்தில் ஓர் இதயம், அப்புறம்
பேச்சி. மீதியைக் காற்று கொண்டுபோய்விட்டது.
அதற்குக் கீழே வாசகர் வட்டத்தின் பேனர்.

எங்களுக்குப் பந்தி ஹாலில் அரை மேசை.
மறு பாதியில் பொது அறிவு, கோலம்,
நூறு ரூபாய்க்கு மூன்று சமையல்.
கரம்பை வெளியீட்டுக்கு மொத்தமே ஐந்து தலைப்பு.
ஒன்று என்னுடையது. என்னுடையது என்றால்,
கண்ணூர்க்காரி எழுதியது, நான் தமிழில் கொண்டுவந்தது.
கொல்லம் ரயிலடிப் பார்சல் ஆபீசில்
இருபத்தோரு வருடம் லேபிள் வாசித்து
நான் படித்த மலையாளம் அது.
அட்டையில் அவள் பேருக்குக் கீழே
எறும்பு அளவில் என் பேர்.

முந்நூறு பிரதி. இருநூற்றுப் பதினொன்று
ஞானசிகாமணியின் கட்டிலுக்கு அடியில்.
பகலில் அவருக்கு லேத் பட்டறை;
பில் புத்தகம் முழுக்கக் கிரீஸ் ரேகை.

"டிஎன் எழுபத்திரண்டு, நீலக் கலர் பைக்கு,
வழிய மறிச்சி நிக்கி, யாருதுன்னு பாத்து எடுத்திருங்க"
என்று மைக், இலக்கிய உரைக்கு நடுவிலும்.

நாலு மணிக்கு, பீடிக் கடையில் கட்டைக் கொடுத்துவிட்டு
வெறும் கூடையோடு ஒருத்தி வந்தாள்.
பிரம்மசக்தி. பேரைப் பிறகுதான் கேட்டேன்.
முப்பது வயது இருக்கும்.
அட்டையில் இருந்த இலையையும் கையையும் பார்த்து எடுத்தாள்.
நின்றபடியே படித்தாள். ஒரு பக்கம். இன்னொன்று.

"முறம் முறம்னு போட்டிருக்கே.
மடியில வச்சிப் பீடி சுத்தினா அது சொளவுல்லா."

எங்கள் வீட்டிலும் சொளவுதான்.
மெட்ராஸில் யாரோ ஒருவருக்குப் புரிய வேண்டுமே என்று
எழுதும்போது கை தானாக முறத்தை எடுத்திருக்கிறது.
அந்த ஒருவர் இன்னும் வாங்க வரவில்லை.

"புகையிலைத் துகளாம்.
தூளுன்னா என்ன கொறஞ்சி போச்சி?"
பில் புத்தகத்துப் பேனாவை அவளே எடுத்துக்கொண்டாள்.
"ஒனக்கு மலையாளம் தெரியுமாம்மா?" என்றார் ஞானசிகாமணி,
கொஞ்சம் என் பக்கம் சாய்ந்து.
"தெரியாது. பீடி தெரியும்."

அறுபத்தோராம் பக்கத்தில் நின்றாள்.
மேலே போனாள், திரும்ப வந்தாள்.
"இங்கன என்னமோ விட்டுப்போச்சி.
இலைய நனைக்கா, அடுத்த வரியில வெட்டுதா.
ஒரு ராத்திரி கெடக்க வேண்டாமா?
நடுவுல இருந்த ராத்திரி எங்க?"

விட்டுப்போகவில்லை. நான் எடுத்தது.
ஒரே ஒரு வரி. சொன்னதையே சொல்கிறாள் என்று
மூன்றாம் புரூஃபில் அடித்தேன்.
முதுகுவலி நாள் அன்று.
மூலத்தில் அவள் எழுதியிருந்தாள்:
ஈரச் சாக்குக்குள் இலை தூங்கியது, நான் தூங்கவில்லை.

வாய்விட்டுச் சொன்னேன்.
பிரம்மசக்தி ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பக்கத்தின் முனையை
பீடித் தலையை மடக்குகிற மாதிரி
நகத்தால் மடக்கி அழுத்தினாள்.
விலையைத் திருப்பிப் பார்த்தாள்: முந்நூற்றிருபது.
"ஆயிரம் பீடிக்கு மேல வருதே" என்று
வைத்துவிட்டுப் போனாள்.

ராத்திரி அந்தப் பிரதியை ஞானசிகாமணி பெட்டியில் போடவில்லை.
கணக்கில் எழுதினார்: காட்சிப் பிரதி, சேதம், ஒன்று.
என் பைக்குள் வைத்து,
"ரெண்டாம் பதிப்புக்கு" என்றார்.
நானும் சிரிக்கவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால்
வாசலை மறித்தபடி இன்னும் நின்றது
நீல பைக்.
சட்டைப் பையில் சாவியைத் தேடினார் ஞானசிகாமணி.